தண்டையார்பேட்டைப் பலகை: வடசென்னையில் நான்கு நாள் வண்டி வாசம்

முதல் நாள், சனிக்கிழமை

கனடாவில் இருக்கும் என் தோழி போன கோடையில் கூட வேலை பார்ப்பவர்களோடு ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அலாஸ்கா நெடுஞ்சாலையில் வடக்கே போனாள். வழியில், யூக்கானில், வாட்சன் லேக் என்று ஒரு சின்ன ஊர். 1942-இல் அந்தச் சாலையைப் போட வந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் வீட்டு நினைப்பில் தன் ஊர்ப் பெயரையும் தூரத்தையும் எழுதி அங்கே ஒரு பலகை நட்டார். பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை எழுதி அடிக்க ஆரம்பித்து, இன்று அது பலகைகளாலான ஒரு காடு. என் தோழியும் ஒரு பலகை அடித்தாள். நீலப் பெயின்டில், தமிழில், ‘தண்டையார்பேட்டை’. அந்தப் போட்டோவை எங்கள் பள்ளிக்கூடத் தோழிகள் குரூப்பில் அவள் போட்ட இரவு நான் அழுதுவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தவள் சொன்னாள்: “அவ்ளோ தூரம் வடக்க போய் பாத்துட்டு வந்தேன்டீ. நம்ம வடக்க என்னா இருக்குன்னு நான் பாத்ததே இல்ல.”

உண்மைதான். நாங்கள் நாலு பேரும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் எங்கள் வீடுகளில் தெற்கே போவதுதான். மெரினா, கிண்டிப் பூங்கா, மாமல்லபுரம். வடக்கே போவது வேலைக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு. இந்த முறை வடக்கே மட்டும்தான் போவது, வீட்டுக்குத் திரும்பாமல் வண்டியிலேயே தூங்குவது என்று முடிவு செய்தோம்.

வண்டி ஒரு டெம்போ டிராவலர். சீட்டைக் கழற்றிவிட்டு நாலு படுக்கை போட்டிருக்கிறார்கள். ஒரு கேஸ் அடுப்பு, கூரைக்கு மேல் ஒரு தண்ணீர் டேங்க், பின்பக்கம் ஓர் ஆள் திரும்பினால் முட்டும் அளவுக்குக் கழிவறை. டிரைவர் அண்ணன் காசிமேட்டுக்காரர். நாங்கள் நாலு பேர்: கனடாக்காரி, மாநகராட்சிப் பள்ளி டீச்சர், நர்ஸ், கணக்கு எழுதிப் பிழைக்கும் நான். எல்லாருக்கும் வயது நாற்பத்தாறு.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். சிவப்பும் வெள்ளையுமாக, தூண்கள் வரிசை கட்டி நிற்கும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனோம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. அதற்கு மூன்று வருஷம் முன்பு பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய முதல் ரயிலின் நிலையங்கள் அந்தப் பழைய உருவத்தில் இன்று இல்லை. ராயபுரம் இருக்கிறது. சென்ட்ரல் வருகிறவரை இந்த நகரத்துக்கு ரயிலில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும் எங்கள் ராயபுரத்தில்தான் முதல் காலை வைத்தார்கள். தூணைத் தொட்டுப் பார்த்தேன். மூடிக் கிடக்கும் கதவுகளையும், சுவரில் வேர் விடும் அரசஞ்செடியையும் பார்க்க நெஞ்சு அடைத்தது. இன்னும் நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டிய கட்டடம் இது.

அங்கிருந்து ராயப்பர் கோயில். பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள். ராயப்பர் புரம்தான் ராயபுரம். படகுக்காரச் சமூகத்தார் தங்கள் காசில் எழுப்பிய கோயில். நர்ஸ் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். ஆனாலும் ஊர்ப் பெயருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை இன்றைக்குத்தான் யோசித்ததாகச் சொன்னாள். உள்ளே போய் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ராபின்சன் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். இப்போது அதன் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்தது இங்கேதான்.

ராத்திரிச் சாப்பாடு பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடையில். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் கடை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. எவ்வளவு வருஷம் தின்றாலும் கடைக்காரரின் கை வேலையைப் பார்ப்பது எனக்கு அலுக்கவில்லை. அகலமான பேசின். அதில் ஒரு பிடி ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நைசாக அரிந்த கோஸ், வெங்காயம். புளித்தண்ணீர் ஒரு கரண்டி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி. பேஜோ என்னும் தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுகிறார். கொஞ்சம் மிளகாய்த் தூள், உப்பு. விரல்களை விரித்து அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி நாலே புரட்டல். தட்டில் விழும்போது ஒரு நூடுல்ஸ்கூட அறுந்திருக்காது. பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கனடாக்காரி ஆறு முட்டை தின்றாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

கனடாவில் கேரவன் நிறுத்துவதற்கென்றே இடங்கள் உண்டாம். கரண்ட் பிளக், தண்ணீர்க் குழாய், கழிவு இறக்கத் தனிக் குழி. இங்கே டிரைவர் அண்ணனின் அத்தை வீடு உண்டு. காசிமேட்டில் அவர் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. “பொம்பளைப் புள்ளைங்க நாலு பேரு ரோட்ல படுத்துகினு இருக்கீங்களே” என்று அத்தை மூன்று தரம் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தரம் ஒரு கொசுவர்த்தி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கடல் இரைச்சல் கேட்கிறது. அலாரம் இரண்டரைக்கு.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை நள்ளிரவே தொடங்கிவிடுகிறது. மூன்று மணிக்கு நாங்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குள் போனபோது பகல் மாதிரி வெளிச்சம். ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் ஒரு பக்கம், ‘வழி, வழி, வழி’ என்று தலையில் கூடையோடு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். ரப்பர் செருப்பு போடாமல் போனது எங்கள் தப்பு. கணுக்கால் வரை ஐஸ் தண்ணீர்.

தங்கல் போன விசைப்படகுகள் பத்து நாள், பதினைந்து நாள் கடலில் இருந்துவிட்டு வந்து அணைகின்றன. வஞ்சிரம், பாறை, சுறா எல்லாம் பெரிது பெரிதாகத் தரையில் வரிசையாகக் கிடக்க, சங்கராவும் கிழங்கானும் நெத்திலியும் கூடை கூடையாகக் கொட்டிக் கூறு கட்டப்படுகின்றன. ஏலம் கூறுகிறவரைச் சுற்றி இருபது பேர். அவர் ஒரு தொகையைச் சொல்லி அதையே பாட்டுப் போல இழுத்துக்கொண்டு இருக்கிறார். வாங்குகிற அக்காமார் பேசுவதில்லை. கண்ணைக் காட்டுவார்கள், அல்லது கூடையின் விளிம்பைக் காலால் லேசாகத் தொடுவார்கள். ஏலக்காரர் அதைப் பிடித்து அடுத்த தொகைக்குத் தாவுகிறார். முடிந்த நொடியில் கூடை அந்த அக்காவின் ஆள் தலைமேல். மொத்தமும் ஒரு நிமிஷம் இருக்காது.

மொத்த ஏலத்தில் நம்மால் வாங்க முடியாது. டிரைவர் அண்ணனின் அத்தை கூட வந்தார். ஒரு சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் நெம்பிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. “இது நேத்து சாயங்காலம் புடிச்சது. இந்தா, இத பாரு” என்று இன்னொன்றை நெம்பினார். அது வெளுத்த செங்கல் நிறம். “இது ஐஸ்ல எட்டு நாளு. தப்பில்ல, தின்னலாம். ஆனா வெல கம்மியா குடுக்கணும்.” கண் புடைத்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழும்ப வேண்டும், வயிறு கிழிந்திருக்கக் கூடாது. நர்ஸ் இதையெல்லாம் வார்டில் நோயாளியைப் பார்ப்பது போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஒரு கூறு 400 ரூபாய்க்கு முடிந்தது. வெட்டித் தருகிற அக்காவுக்குத் தனிக் காசு. அவருடைய அரிவாள்மனை ஓடிய வேகத்துக்கு என் கண் ஓடவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று டீச்சர் கேட்டாள். “வலை பின்னுவோம், போட்டுக்குப் பெயின்ட் அடிப்போம், கடன் வாங்குவோம்” என்றார் அத்தை.

ஏழு மணிக்குள் வண்டி அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. தெருவே மணத்தது. அத்தை வீட்டுச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தண்டையார்பேட்டையில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு அருகே 1792-இல் பிறந்து, துறவு பூண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இங்கே வந்து தங்கி, 1838-இல் அடங்கியவர். தமிழில் உருகி உருகிப் பாடிய சூஃபி. சாதி மதம் பார்க்காமல் சீடர்கள் இருந்தார்கள். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் சனங்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள். தொண்டியார் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை. நாக்கு மாறி மாறி இன்று தண்டையார்பேட்டை என்பது ஊர்ப் பேச்சு.

டீச்சர் இதைச் சொல்லி முடித்ததும் கனடாக்காரி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து அந்தப் பலகை போட்டோவைப் பார்த்தாள். “ஒரு ஆள் பேரத்தான் அங்க அடிச்சிட்டு வந்திருக்கேன். தெரியாமலே” என்றாள். தர்காவில் மயிலிறகால் தலையைத் தொட்டு ஓதினார்கள். நாலு பேரும் குனிந்து நின்றோம்.

அடுத்த பெயர் காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று சின்ன வயதில் நான் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். காலடி இல்லை, கோலட். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர், கோலட்பேட்டை. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். கோலட்டிடம் வேலை பார்த்த வீரராகவர் காஞ்சிபுரம் வரதரை விட்டுப் பிரிய முடியாமல் தவித்ததால் இங்கேயே கோயில் எழுந்தது என்பது தலவரலாறு. அர்ச்சகர் அதை நேற்று நடந்தது போலச் சொன்னார்.

மாலையில் திருவொற்றியூர். என்ஃபீல்டு ஆலையைத் தாண்டும்போது நர்ஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள். 1955-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியில்தான் அவள் அப்பா புல்லட் எஞ்சின் கோத்தார். “அப்பா தெரு முனைக்கு வர்றப்பவே வண்டி சத்தம் வெச்சு அம்மா சோறு போட ஆரம்பிச்சுடுவாங்க” என்றாள். கேட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றோம்.

தியாகராஜர் கோயிலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஊழி வெள்ளத்தை விலகச் சொல்லி ஒற்றியதால் ஒற்றியூர். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். கருவறை விமானம் யானையின் முதுகு போல வளைந்தது, ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி. எனக்கு இங்கே மிகப் பிடித்தவர் கலியநாயனார். செக்காட்டும் குலத்தவர். கோயிலுக்கு விளக்கு எரிப்பதே தொழுகை என்று வாழ்ந்தவர். செல்வம் போய், கூலிக்குச் செக்காட்டி, அதுவும் போய், எண்ணெய் இல்லாமல் விளக்கு அணையும் என்றபோது தன் கழுத்து ரத்தத்தை ஊற்றத் துணிந்தார் என்கிறது புராணம். ஒரு விளக்குக்காக. நான் ஒரு நெய்விளக்கு ஏற்றிவிட்டு அது நின்று எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தடியில் வாடிய பூக்கள் கிடந்தன. டீச்சர் நாலைப் பொறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தாள். காய்ந்தாலும் மணம் போகாத பூ. கடலோரம் பட்டினத்தார் சமாதி வரை நடந்து போய்விட்டு வந்தோம். ராத்திரி தேரடிக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தின் வளாகத்தில் வண்டி நிற்கிறது. வாட்ச்மேன் தாத்தா காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மிச்சமிருந்த மீன் குழம்பைக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றோம். லாரி டிரைவர்கள் இறங்கி வண்டியடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லா நாளும் எங்களைப் போல வண்டியில் வாழ்கிறவர்கள். ஒருவர் எங்களிடம் தண்ணீர் கேட்டார். இரண்டு குடம் கொடுத்தோம். டேங்க் பாதியானது.

எர்ணாவூர் பாரதியார் நகர் கடற்கரையில் டீச்சர் எங்களை இறக்கினாள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, தார் போலக் கரையில் ஒதுங்கியதை வாளியால் அள்ளியவர்களில் அவளும் ஒருத்தி. மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடலோரக் காவல் படையினர் என்று வரிசையாக நின்று கைமாற்றி இருக்கிறார்கள். “ஆமை ஒண்ணு செத்து ஒதுங்கிச்சுடி. துடைச்சு துடைச்சு பாத்தேன், ஓடு எதுன்னே தெரியல” என்றாள். பாறைகளுக்கு நடுவே குனிந்து எதையோ தேடினாள். ஒன்றும் கருப்பாக இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள்.

பிறகு கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். இந்த நாலு நாளில் நான் மறக்கக் கூடாது என்று நினைக்கிற இடம் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிவெளி என்னும் உப்புநீர்ச் சதுப்பு, சுற்றிலும் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும். 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் திறந்து இப்போது காமராஜர் பெயர் தாங்கிய துறைமுகம். நகரத்துக்குக் கரண்ட் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. அந்தக் கரண்டுக்காக எரித்த நிலக்கரியின் சாம்பல் கழிவெளியின் அடியில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து அலையாத்திச் செடிகளின் இடுப்புவரை கருப்புக் கோடு போட்டது.

அந்தத் தண்ணீரில் மார்பு நனையும்படி குனிந்து ஓர் அக்கா நின்றுகொண்டிருந்தார். முதலில் குளிக்கிறார் என்று நினைத்தோம். இல்லை. இறால் தடவுகிறார். வாயில் ஒரு பனையோலைப் பறியை அதன் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். இரண்டு கையும் சேற்றுக்குள். கண் தண்ணீரைப் பார்க்கவில்லை, எங்கோ தூரத்தில் இருக்கிறது. பார்ப்பதெல்லாம் விரல்தான். மெல்ல ஓர் அடி நகர்கிறார். தோள் லேசாக அசைகிறது. கை மேலே வரும்போது விரலிடுக்கில் ஓர் இறால் துள்ளுகிறது. பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி. வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை.

கரையேறும்வரை காத்திருந்தோம். உதடு வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி, முழங்கையில் சிப்பி கிழித்த கோடுகள். இருளர் என்று சொன்னார். விடியலிலிருந்து நாலு மணி நேரம் தண்ணீரில் இருந்திருக்கிறார்.

“எவ்ளோக்கா தேறும்?”

“அரைக் கிலோ வரும்மா. முன்னெல்லாம் ஒரு எடத்துல நின்னாவே பறி ரொம்பிடும். இப்ப கால வெச்சா சாம்பல்ல பொதையுது. இறாலு சேத்துலதான் இருக்கும், சாம்பல்ல இருக்காது.”

அரைக் கிலோவையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். அவர் சொன்ன விலைக்கு மேல் நர்ஸ் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பிக் கையில் வைத்தார். நர்ஸ் வண்டிக்குள் போய்க் கிருமி மருந்தும் பஞ்சும் கொண்டுவந்து, அவர் முழங்கையைத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டியது, பிறகு வடக்கே பழவேற்காடு தாண்டி நீண்டது. நகருக்குள் இருக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் தோண்டினார்கள். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதில் போயின. எங்கள் பாட்டி பார்த்திருக்கிறார்.

மீஞ்சூரைக் கடந்தோம். இந்தப் பக்கத்துக் கடலோரத்தில்தான் 2010-இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டியது. எங்கள் டேங்க் காலியாகி இருந்தது. ஒரு டீக்கடைக்காரர் தன் வீட்டு போரிலிருந்து குழாய் போட்டு நிரப்பினார்.

இரவு பொன்னேரிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா வீட்டு நெற்களத்தில். ஆரணி ஆறு கூப்பிடு தூரம். இறாலைத் தொக்காக்கி, சித்தி சுட்ட தோசையோடு சாப்பிட்டோம். மூன்று நாளுக்குப் பிறகு சத்தமே இல்லாத இரவு. கனடாக்காரி கூரைமேல் ஏறிப் படுத்திருக்கிறாள். யூக்கானில் கோடையில் நடு ராத்திரியும் வெளிச்சமாக இருந்ததால் அங்கே அவளுக்கு நட்சத்திரமே தெரியவில்லையாம்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

காலையில் சிறுவாபுரி போகிற வண்டிகளால் ரோடு நிறைந்திருந்தது. ஆறு செவ்வாய் அந்த முருகனைப் பார்த்தால் சொந்த வீடு அமையும் என்று நம்பிக்கை. வாடகை வீட்டில் இருக்கும் நர்ஸ் வரும் செவ்வாயிலிருந்து தொடங்கப் போகிறாள். நானும் கூட வருகிறேன் என்றேன்.

பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழிப் பள்ளமும் முள்செடியும். கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே கருங்கல் பலகைகளில் கப்பலும் பூவும் குலச்சின்னமும். துணி வாங்க வந்தவர்கள் மனிதர்களையும் வாங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. டீச்சர் வெளியே வந்து ஏரிக்கரையில் ஒரு மகிழம்பூவைத் தண்ணீரில் விட்டாள். ஒற்றியூர்ப் பூ.

ஊரின் பெயர் துணியோடு இன்னும் தூரம் போயிருக்கிறது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். வாட்சன் லேக்கில் எங்கள் ஊருக்கு ஒரு பலகை. மலேசியாவில் இந்த ஊர் இன்றும் மனிதர்கள் இடுப்பில் இருக்கிறது.

பனையோலையில் டப்பா பின்னும் ஒரு பாயம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். சாயம் ஏற்றிய ஓலையை ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். காய்ந்தால் ஒடியும். நகத்தால் கீறி ஒரே அகலத்தில் கிழிக்கிறார், அளவுகோல் இல்லை. மூலை திரும்பும்போது ஓலையை ஒரு தரம் உதட்டில் வைத்து ஈரமாக்குகிறார். மூடி டப்பியில் இறங்கும்போது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால்தான் சரியாம். வராத ஒன்றைப் பிரித்து மறுபடி பின்னினார்.

படகுச் சவாரி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த செய்தி எங்களுக்கு மறக்கவில்லை. கரையிலேயே ஒரு மீனவப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குப்பத்துக்கு, எந்தக் குடும்பத்துக்கு, எந்த நாளில், எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால் நாளை இன்னொருவருக்குப் போகும். “பணக்காரன் ஏழை எல்லாம் சீட்டுக்குத் தெரியாதும்மா” என்றார். அவருக்கு இப்போதைய கவலை முகத்துவாரம். மணல் மேடிட்டு வாய் மூடினால் கடல் தண்ணீரும் வராது, மீன் குஞ்சும் இறாலும் உள்ளே ஏறாது. ஊரே கூடி மண்வெட்டியோடு போய் வாயைத் திறந்துவிட்ட வருஷங்கள் உண்டு என்றார்.

மாலை நாலு மணிக்கு அண்ணாமலைச்சேரி. வண்டியைக் கரையோரம் நிறுத்தினோம். நேற்று நாங்கள் தூங்கிய ஆரணி ஆற்றின் தண்ணீர் இந்த ஏரியில்தான் கலக்கிறது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. உப்பு என்று நினைத்தேன். டிரைவர் அண்ணன்தான் “நல்லா பாருங்க, நவுருது” என்றார். பூநாரைகள். நூற்றுக்கணக்கில். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்தி, அலகை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிச் சேற்றை வடிகட்டி மேய்கின்றன. காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்குவதால் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் மெல்ல ஆடுவது போல இருந்தது. ஏதோ ஒரு சத்தத்துக்கு ஒரு முப்பது எழும்பின. மடக்கியிருந்த இறக்கைக்குள் இருந்த சிவப்பும் கருப்பும் அப்போதுதான் தெரிந்தது. கனடாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும் அளவுக்கு. அவை மறுபடி இறங்கி அமரும்வரை விடவில்லை.

வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். நாற்பத்தாறு வருஷம்.

இருட்டியதும் கிளம்பினோம். பழவேற்காட்டில் வாங்கிய ஏரி நண்டுகள் ஒரு வாளியில், ஈரச் சாக்குக்கு அடியில் சுரண்டிக்கொண்டே வந்தன. திருவொற்றியூரில் டீச்சர் இறங்கினாள், கையில் ஓலை டப்பி. டோல்கேட்டில் நர்ஸ். பத்து மணிக்கு மேல் வண்டி மெதுவானபோது டிரைவர் அண்ணன் “எங்கம்மா நிறுத்த?” என்று கேட்டார்.

“தொண்டியார்பேட்டைல இறங்கிக்கிறேன்ணா” என்றாள் கனடாக்காரி. அவரும் சரிம்மா என்று இண்டிகேட்டர் போட்டார்.

அவள் அம்மா வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன் வாளியைப் பார்த்தார். சாக்கைத் தூக்கினார்.

“உயிரோட இருக்குதே. உள்ள வாங்கடி ரெண்டு பேரும். மொளகு இடிக்கணும்.”